முந்திச் சொன்ன சாட்சி

பிப்ரவரி 12, ஞாயிறு

இன்று காலை ஆராதனையில் நான் எழுந்து நின்று, என் மனைவி லில்லிபுஷ்பத்துக்குப் பூரண சுகம் கிடைத்துவிட்டது என்று சபை முன்னால் சாட்சி சொன்னேன். கடைசி ஸ்கேனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

லாரி சர்வீஸ்காரர் கொடுத்த டைரி இது. வழக்கமாக லாரி நம்பரும், எத்தனை கட்டு முருங்கைக்காய் ஏறியது என்பதும்தான் இதில் இருக்கும். இன்று வேறு எழுதுகிறேன். ஒரு காரியத்தை முந்திச் செய்தால் அதற்கான காரணத்தை அன்றே எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு நமக்கே மாறிப்போகும்.

காரணம் இதுதான். முன்பணம் வாங்கிய தோட்டக்காரன் சரக்கை வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டான். சைக்கிளில் காய் கட்டி விற்ற காலத்திலிருந்து நான் கண்ட உண்மை அது. லில்லிக்குச் சுகம் வந்தால் கோயிலுக்குப் புது மைக்செட் என்று நேர்ந்து பொருத்தனை பண்ணியிருந்தேன். வந்த பிறகு கொடுப்பதைவிட வருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டால், சாட்சியையும் சொல்லிவிட்டால், கர்த்தர் கைவிட மாட்டார் என்று கணக்குப் போட்டேன். மைக்செட் போன வாரமே மாட்டியாகிவிட்டது. சுவரில் உயரத்தில் மாட்டிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் லில்லியின் பெயரும் 'பூரண சுகத்திற்கான ஸ்தோத்திரக் காணிக்கை' என்ற வரியும் பெயிண்டில் இருக்கின்றன.

சாட்சி இரண்டு நிமிடம். டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் தொட்டார் என்று முடித்தேன். எந்த டாக்டரும் கைவிடவில்லை என்பது வேறு விஷயம். திருவனந்தபுரத்தில் மகள் வீட்டில் எட்டு மாதம் இருந்து, மார்பில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்து, ஆறு தடவை மருந்து ஏற்றி, தலைமுடி முழுக்கக் கொட்டி, திரும்ப முளைத்துத்தான் ஊருக்கு வந்தாள். ஊருக்கு 'உடம்பு சரியில்லை, மகள் வீட்டில் இருக்கிறாள்' என்று மட்டும் சொல்லியிருந்தோம். அதையெல்லாம் சொன்னால் சாட்சி நீளும், கர்த்தருடைய பங்கு குறைந்து தெரியும் என்று விட்டுவிட்டேன்.

நல்ல கைதட்டல். எங்கள் சபையை நடத்தும் உபதேசியார் வேதமுத்து மைக் பிடித்து மூன்று தடவை அல்லேலூயா சொன்னார். பெண்கள் பக்கம் லில்லி, முந்தானையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். அவளுக்குக் கூச்சம் அதிகம்.

பிப்ரவரி 16, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. காய் இரண்டு நாளில் முற்றுகிறது. ஈரச் சாக்கு போட்டுத்தான் லாரியில் ஏற்றினோம்.

பிப்ரவரி 21, செவ்வாய்

திருவனந்தபுரம் போய் ஸ்கேன் எடுத்தோம். திரும்பும்போது களியக்காவிளையில் டீ குடித்தோம். லில்லி பழம்பொரி இரண்டு தின்றாள். பசி நன்றாக இருக்கிறது. நல்ல அடையாளம்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் உபவாச காலம், லெந்து, தொடங்கிவிட்டது. லில்லி ஒரு வேளை உபவாசம் என்றாள். கூடாது என்றேன். இருந்தாள்.

பிப்ரவரி 24, வெள்ளி

என் முருங்கைக்காய் மண்டியில் இருக்கும்போது திருவனந்தபுரம் டாக்டரம்மா போன் செய்தார். கழுத்தெலும்புக்கு மேலே திரும்ப வந்திருக்கிறதாம். சின்னதுதானாம். ஆனால் மூன்று வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டுமாம். ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பினார். அதைக் காகிதத்தில் எடுத்து, மடித்து, மண்டி மேஜையின் இழுப்பறையில் பூட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் லில்லி, "டாக்டரு கூப்பிட்டாவளா?" என்றாள்.

"கூப்பிட்டாவ. எல்லாம் சுத்தம்."

"அப்படியா, சந்தோசம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரிக்கு ரசம் வைக்கவா, தீயல் வைக்கவா?" என்றாள்.

தீயல் என்றேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முன்வரிசையில் மின்விசிறிக் காற்று அதிகம். தொண்டை சரியில்லாததால் பாடவில்லை.

மார்ச் 1, புதன்

எங்கள் மண்டியில் பாக்கியம் கட்டுக் கட்டுகிறாள். இருபத்திரண்டு வருடம். அவள் கட்டினால் கட்டு அவிழாது. அவள் வாய் அவிழ்ந்தால் மூடாது. புருஷன் இல்லை. ஒரே மகள் மெர்ஸி பன்னிரண்டாம் வகுப்பு. பாக்கியத்துக்கு மார்பில் கட்டி என்று ஜனவரியில் திருநெல்வேலியில் காட்டி, சதை எடுத்துப் பார்த்து, கெட்ட கட்டி என்று சொல்லி, மார்ச் பதினாலாம் தேதிக்கு ஆபரேஷன் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். இன்றைக்குக் கேட்டேன்.

"ஏ பாக்கியம், பதினாலுல இருந்து எத்தன நாளு வரமாட்ட? வேற ஆளு பாக்கணும்லா."

"ஆளு பாக்க வேண்டாம் அண்ணாச்சி. நான் வருவேன்."

"அப்போ ஆபரேஷன்?"

"எதுக்கு ஆபரேஷன்? லில்லி மைனிக்கு எந்த டாக்டரு அறுத்தாரு? நீங்கதான மைக்குல சொன்னீய, டாக்டரு கைவிட்டாரு, கர்த்தரு தொட்டாருன்னு. அன்னைக்குக் கோயில்லயே முழங்காலு போட்டு முடிவு பண்ணிட்டேன். மைனியத் தொட்டவரு என்னையத் தொடமாட்டாரா? நான் என்ன அவருக்கு மாத்தாந்தாய் மகளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 4, சனி

நற்செய்திக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். மார்ச் 31. 'அற்புத சாட்சி: சகோ. தவசிமுத்து, முருங்கை மொத்த வியாபாரம்.' உபதேசியார் மண்டியிலேயே முப்பது நோட்டீஸ் வைத்துவிட்டுப் போனார். லாரி டிரைவர்களுக்குக் கொடுக்கணுமாம்.

மார்ச் 7, செவ்வாய்

காலை ஐந்து மணி குடும்ப ஜெபத்துக்கு இப்போதெல்லாம் நான் உட்காருவதில்லை. லாரி சீக்கிரம் வருகிறது. லில்லி தனியாகவே சங்கீதம் வாசித்து முடிக்கிறாள். அடுத்த அறையில் கேட்கும். எனக்காகத்தான் சத்தமாக வாசிக்கிறாளோ என்று எரிச்சல் வருகிறது.

மார்ச் 8, புதன்

உபதேசியார் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஆபரேஷன் நடந்ததையும் சொன்னேன், திரும்ப வந்ததையும் சொன்னேன், பாக்கியத்தையும் சொன்னேன். மனிதர் வேட்டி நுனியை நீவிக்கொண்டே பேசினார்.

"அண்ணாச்சி, சொன்ன சாட்சியத் திரும்ப வாங்குனா நாளைக்கு எந்தச் சாட்சியச் சபை நம்பும்? இது விசுவாசத்துல சின்னப் பிள்ளைங்க இருக்க இடம். இடறிப்போவும்."

"பாக்கியம்?"

"அவகிட்ட தனியாச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. சபைக்கு, ஈஸ்டர் கழியட்டும். அதுக்குள்ள கர்த்தரு நெசமாவே சுகம் கொடுத்துட்டாருன்னா? அப்போ நீங்க சொன்னது பொய்யே இல்லையே!"

நானும் அதைத்தான் ஆசைப்பட்டுக்கொண்டு போயிருந்தேன். நான் நினைத்துக்கொண்டு போன பதிலையே சொன்னதால் அவரை நல்ல மனிதர் என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன்.

மார்ச் 10, வெள்ளி

பாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நான் சாட்சியில சொன்னதுல கொஞ்சம் விட்டுட்டேன். லில்லிக்கு ஆபரேஷன் நடந்தது. திருவனந்தபுரத்துல."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சோதிக்கீயளா அண்ணாச்சி?"

"இல்ல பாக்கியம். நெசம்."

"நடந்திருந்தா மைனி என்ட்ட சொல்லியிருக்க மாட்டாவளா? நான் விசுவாசத்துல நிக்கும்போதுதான் பிசாசு தெரிஞ்ச ஆளு வாயில வந்து பேசுவான்னு உபதேசியாரு எத்தன மட்டம் சொல்லியிருக்காரு. நீங்க போயி லாரியப் பாருங்க."

"அதுக்கு ரிப்போர்ட்டு இருக்கு."

"இங்கிலீசுல இருக்கும். அதுல என்ன எழுதியிருந்தா எனக்கென்ன தெரியப்போவுது?"

திரும்ப வந்திருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் லில்லி காதுக்குப் போய்விடும்.

இதையும் எழுத வேண்டும். இந்த மண்டியில் பாக்கியத்துக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், கட்டின் வெளியே நல்ல காயை வைத்து நடுவில் முற்றலை ஒளிக்காதே என்பது. சென்னையில் என் சரக்கை அவிழ்த்துப் பார்க்காமல் எடுப்பார்கள். இருபத்திரண்டு வருடம் சேர்த்த பெயர் அது.

மார்ச் 13, திங்கள்

மெர்ஸிக்கு இன்று பரீட்சை தொடக்கம். அதைச் சாக்காக வைத்து அவர்கள் வீட்டுக்குப் போய், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் காரை நானே எடுத்து வருகிறேன் என்றேன். பாக்கியம் மூன்று நாள் உபவாசம். உதடு வெடித்திருந்தது.

"கார எடுத்துட்டு வாங்க. கன்னியாகுமரிக்குப் போயிட்டு வருவோம்" என்றாள்.

மார்ச் 14, செவ்வாய்

பாக்கியம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாற்பது கட்டுக் கட்டினாள்.

மார்ச் 17, வெள்ளி

டாக்டரம்மா சொன்ன மூன்று வாரம் இன்றோடு முடிகிறது. காலையில் போன் செய்தார். "ஏன் வரல? பேஷண்ட்டுக்கு விஷயம் சொல்லிட்டீங்களா இல்லையா? அவங்க நம்பரைக் கொடுங்க, நான் பேசுறேன்" என்றார். திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்றேன். தேதி தள்ளிப் போடுகிற தோட்டக்காரனிடம் நான் எப்படிப் பேசுவேனோ அப்படித்தான் பேசினார்.

மத்தியானம் பாக்கியம் கட்டைத் தூக்கித் தராசில் வைக்க முடியாமல் இறக்கி வைத்தாள். இடது கை தோளுக்கு மேல் போகவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "எடை கூடிப்போச்சு அண்ணாச்சி. காயி நல்ல காயி" என்றாள். தூக்கிப் பார்த்தேன். வழக்கமான எடைதான்.

கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று இன்று முதல் தடவையாக யோசித்தேன். இந்த ஞாயிறு மட்டும் இல்லை, மொத்தமாக. சொல்லப்போனால் எனக்கும் கர்த்தருக்கும் இடையில் இருந்தது ஒரு வியாபாரம். அவர் சரக்கு அனுப்பவில்லை. வேறு எந்த ஆளாக இருந்தாலும் நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்தியிருப்பேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதியதை அடிக்கவில்லை.

மார்ச் 18, சனி

லில்லியிடம் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்தேன். நான் கீரை உருவி அவள் பார்த்ததில்லை.

"என்ன, மண்டில வேல இல்லையா?"

"லில்லி, அந்த ரிப்போர்ட்டு..."

"கழுத்துக்கிட்டதான?"

கீரைக் கொத்தைத் தட்டில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிது. கடினம்.

"எப்போ இருந்து?"

"தை மாசம் கடைசியில. நீங்க மைக்குல நின்னு பூரண சுகம்னு சொல்லும்போது என் வெரலு அதுமேலதான் இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்ல? மைக்செட்டும் வாங்கிக் கொடுத்து, பேரும் எழுதி, முன்பணம் கட்டுன ஆளு மாதிரி நெஞ்ச நிமித்திட்டு நிக்கீய. சரக்கு வரலன்னு தெரிஞ்சா நீங்க அந்தத் தெசையில தலவச்சுப் படுப்பீயளா? சீக்கு எனக்குப் பழகிப்போச்சு. நீங்க அவர விட்டுருவீயன்னு பயம், அதுதான் பழகல."

கீரைக் கொத்தைத் திரும்ப எடுத்தேன்.

"மூணு வாரமா நான் ஜெபம் பண்ணல" என்றேன்.

"தெரியும். தொண்ட சரியில்லன்னு கோயில்ல வாயத் தெறக்கல. லாரிக்காரன நீங்க ஏசுற சத்தம் நாலு வீட்டுக்குக் கேக்கு."

"நீ மட்டும் எப்பிடிப் பண்ணுத? உனக்குத்தான திரும்ப வந்திருக்கு."

"எப்பிடின்னா? முப்பது வருசமா அவருட்ட பேசிட்டு இருக்கேன். சீக்கு வந்துட்டுன்னு நிறுத்திட்டு, பொறவு யாருட்ட போயிப் பேச? கோவமும் அவருட்டதான் படுதேன். போன வாரம்கூட ஒரு நாளு சங்கீதத்த வாசிச்சிட்டு, இதுல பாதி எனக்கு நம்பிக்க இல்லன்னு சொல்லிட்டுத்தான் எந்திச்சேன். மறுநாளு திரும்ப உக்காந்தேன். அவ்வளவுதான்."

அதுவரை அவள் கோபப்படவே இல்லை. பாக்கியத்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான் எழுந்து நின்றாள். கீரைத் தட்டு கவிழ்ந்தது.

"பதினாலாம் தேதி போகலையா? சதை எடுத்துப் பாத்து, கெட்ட கட்டின்னு சொன்ன பொறவா?"

"நான் ரெண்டு மட்டம் சொல்லிப் பாத்தேன். நம்பமாட்டேங்கா."

"எப்பிடி நம்புவா? என்ட்ட பொய் சொன்னீய, அது நமக்குள்ள. நானும் உங்களுக்கு மறைச்சேன், சரிக்குச் சரி. இது கொலைங்க."

இந்த வீட்டில் இவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை. கீழே சிந்திய கீரையை நான்தான் பொறுக்கினேன்.

மார்ச் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராகப் பாக்கியம் வீட்டுக்குப் போனோம். லில்லி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே ஆட்டுக்குட்டி பக்கத்தில் நின்றேன். உள்ளே நடந்ததை லில்லி பிறகு சொன்னாள். ரவிக்கை கழற்றி, ஆபரேஷன் தழும்பையும் கழுத்துக் கட்டியையும் காட்டியிருக்கிறாள். பிறகு பாக்கியம் ஓவென்று ஒரே ஒரு குரல் கொடுத்தாள். அப்புறம் இரண்டு பேரும் மெதுவாகப் பேசினார்கள்.

கதவு திறந்தது. பாக்கியம் வாசல்படியில் நின்றுகொண்டாள். நான் கீழே.

"அண்ணாச்சி. கட்டுக்குள்ள ஒரு முத்தல் இருந்தா என்னைய என்ன ஏச்சு ஏசியிருக்கீய! ஊரு முன்னால அவுத்துக் கொட்டியிருக்கீய. மறந்துட்டா?"

"மறக்கல."

"எனக்குப் புருஷன் இல்ல. பொம்பளப் பிள்ள ஒண்ணு. நீங்க சொன்னீயன்னுதான் நின்னேன். வேற எவன் சொல்லியிருந்தாலும் நின்னிருக்க மாட்டேன்."

தலையைக் குனிந்துகொண்டேன். அத்தோடு முடிந்தது, இனி ஆஸ்பத்திரிக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்போ நான் எதுக்குப் போகணும் மைனி? நீங்க அறுத்தும் பாத்துட்டீய, மருந்தும் ஏத்திட்டீய, ஜெபமும் பண்ணிட்டீய. திரும்ப வந்துட்டே! கர்த்தரும் கேக்கல, மருந்தும் கேக்கல. சாவுறதுக்கு என்னத்துக்கு மெனக்கெட்டு டவுன் பஸ்ஸு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொய்யும் அவளை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் பிடித்து வைத்தது, உண்மையும் அதையே செய்கிறது. லில்லி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு வந்தது உனக்கும் வரும்னு சட்டமா? வந்தாலும் பாப்போம். வார செவ்வாக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த செவ்வா, நான் திரும்ப மருந்து ஏத்தப் போறேன். பயந்துக்கிட்டுத்தான் போறேன். ஏத்துனா நாலு நாளு வாயில வச்சது எறங்காது. துணைக்கு ஆளு வேணும். இவரு ஆகமாட்டாரு. ஊசியப் பாத்தாலே நர்ஸு இவருக்குத்தான் தண்ணி கொடுக்கணும்."

பாக்கியம் மூக்கைச் சிந்தினாள். சிரிப்பா என்று தெரியவில்லை.

"யோசிக்கேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "முதல்ல அண்ணாச்சி கோயில்ல சொல்லட்டும். அதே மைக்குல. எனக்குச் சொன்னா போதாது. என்னைய மாதிரி இன்னும் எத்தன கூமுட்ட அன்னைக்கு முழங்காலு போட்டுச்சோ."

மார்ச் 20, திங்கள்

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து லில்லியிடமே கொடுத்தேன். 28 செவ்வாய்க்குப் படுக்கை உறுதி. ரிப்போர்ட்டை இழுப்பறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

உபதேசியாரிடம் பேசினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "என் வாயையும் நீங்க அன்னைக்கே அடைச்சிருக்கணும். ஈஸ்டர் கழியட்டும்னு நான்தான சொன்னேன்" என்றார். கூட்டத்து நோட்டீஸில் என் பெயரை அடிக்கணுமே என்றேன். முந்நூறு நோட்டீஸிலும் பேனாவால் அவரே அடிக்கிறார். போகும்போது, "ஞாயித்துக்கிழமை மூணு நிமிசம். சுருக்கமாச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

மார்ச் 23, வியாழன்

முந்தாநாள் பெய்த மழையில் பூ உதிர்ந்துவிட்டது. சித்திரை மாதம் காய் குறையும். பாக்கியம் இன்னும் 'யோசிக்கேன்' என்றுதான் சொல்கிறாள். கட்டி பெரிதாகியிருக்கிறதா என்று கேட்டுவரச் சொன்னேன். பெரிதாகியிருக்கிறது என்று லில்லி சொன்னாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். எட்டு தடவை கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் என்னை நல்லவனாகக் காட்டும் ஒரு வரி எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது.

மார்ச் 26, ஞாயிறு

எழுதிய தாளை எடுத்துப் போகவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"பிப்ரவரி பன்னிரண்டு நான் சொன்ன சாட்சி தப்பு. என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தது. ஆறு தடவை மருந்து ஏற்றினோம். எந்த டாக்டரும் கைவிடவில்லை. நல்லாப் பார்த்தார்கள். பூரண சுகம் என்று நான் சொன்னபோது கடைசிச் சோதனை எடுக்கவே இல்லை. எடுத்ததில் திரும்ப வந்திருக்கிறது. அது தெரிந்த பிறகும் ஒரு மாதம் மறைத்தேன். என் பேச்சை நம்பி யாராவது வைத்தியத்தை நிறுத்தியிருந்தால், நாளைக்கே போங்கள். வண்டி நான் தருகிறேன்."

ஆண்கள் பக்கத்தில் அரிசி மில் ஜேசுவடியான் எழுந்தார். "அப்போ ஜெபம் கேக்கலங்கீயளா அண்ணாச்சி?"

"ஜெபம் கேட்டுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆபரேஷன் நடந்தது தெரியும். நான் மறைச்சது தெரியும். தெரிஞ்சத மட்டும் சொல்லுதேன்."

அவர் உட்காரவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னால் இரண்டு பேர் போனார்கள். உபதேசியார் லெந்து பாட்டு ஒன்றைத் தொடங்கினார். ஒரு மாதத்துக்குப் பிறகு பாடினேன். முதல் வரியிலேயே குரல் உடைந்தது. தொண்டை இன்று உண்மையிலேயே சரியில்லை.

ஸ்பீக்கர் பெட்டியில் எழுதியிருக்கிற வரியை அழிக்க ஆள் அனுப்பவா என்று கேட்டேன். உபதேசியார், "பாட்டு நல்லாக் கேக்கு. ஏணி வச்சு ஏற இப்போ எங்களுக்கு நேரமில்ல" என்றார்.

கோயில் வாசலில் யாரும் என்னிடம் பேசவில்லை. ஆனால் சைக்கிள் நிறுத்தும் இடத்துப் பக்கம் லில்லியைச் சுற்றி மூன்று பெண்கள் நின்றார்கள். வேலிக்கருவேல் நிழலில், ரகசியம் பேசுகிற மாதிரி. என்ன என்று வழியில் கேட்டேன்.

"டாக்டரம்மா பேரு கேட்டாவ. ஒருத்தி ஒரு வருசமாக் கைக்குக் கட்டி தட்டுப்படுதுன்னு சொல்லுதா. யாருன்னு கேக்காதீய."

கேட்கவில்லை. சாயங்காலம் டீக்கடையில் ஒருவன், "அண்ணாச்சி, அடுத்த வாரம் என்ன சாட்சி?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மார்ச் 27, திங்கள்

காலையில் மண்டிக்குப் போகுமுன் பாக்கியம் வீட்டுக்கு வந்தாள். அடுக்களையில் தரையில் உட்கார்ந்தாள், லில்லி பக்கத்தில். நான் நின்றேன். இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருந்தது தெரிந்தது.

"வாரேன் அண்ணாச்சி" என்றாள் பாக்கியம். "உங்களுக்காக இல்ல. மைனி மறுபடி போறாவளே, அத வச்சுத்தான். தெரியாம போனா அசட்டுத் தைரியம்னு சொல்லலாம். அவுக எல்லாம் தெரிஞ்சுல்லா போறாவ."

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு நேற்று மெர்ஸி போன் செய்து பேசியிருக்கிறாள். ஏச்சு வாங்கியிருக்கிறாள். ஏப்ரல் நாலாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பரீட்சை மூன்றாம் தேதி முடிகிறது. நிச்சயம் பிழைப்பாளா என்று மெர்ஸி கேட்டாளாம். இப்போதே சொல்ல முடியாது, அறுத்துப் பார்த்துத்தான் சொல்வோம் என்றார்களாம். சரியான பதில்.

"ஆனா பேசி முடிச்சுக்கிடணும்" என்றாள். "வாய்ப்பேச்சு இனி உங்ககிட்ட நான் நம்புறதா இல்ல. டைரியில எழுதுங்க."

அதனால் எழுதுகிறேன்.

நாளை காலை நாலரை மணிக்குக் கார். திருவனந்தபுரத்தில் லில்லிக்கு மருந்து ஏறும்போது பக்கத்தில் பாக்கியம் இருப்பாள். ஏப்ரல் நாலாம் தேதி பாக்கியத்துக்கு ஆபரேஷன். டாக்டரம்மா சம்மதித்தால் லில்லி முகக்கவசம் போட்டுக்கொண்டு திருநெல்வேலி வருவாள், சம்மதிக்காவிட்டால் போனிலேயே ஜெபிப்பாள். இரண்டுக்கும் கார் ஓட்டுவது நான். வழியில் அறிவுரை சொல்லக் கூடாது. பாக்கியம் கை சரியாகும்வரை கட்டுத் தூக்க வேண்டாம். கட்டினால் போதும், தூக்குவது நான். இந்த இரண்டு பேரில் யார் உடம்பைப் பற்றியும் அவர்களாகச் சொல்லச் சொன்னால் தவிர நான் எந்த மைக்கிலும் வாய் திறக்கக் கூடாது.

கடைசியாக லில்லி ஒன்று சேர்த்தாள். காலை ஐந்து மணி ஜெபத்துக்கு நாளையிலிருந்து நானும் உட்கார வேண்டும், காரில் இருந்தால் காரிலேயே. கட்டி கரைந்தாலும் உட்கார வேண்டும், கரையாவிட்டாலும் உட்கார வேண்டும். கேட்கலாம், அழலாம், கோபப்படலாம், பேரம் மட்டும் பேசக் கூடாது.

ஒப்புக்கொண்டேன்.